மசூந்தேவுக்குப் பழைய சாலை

என் முதுகோடு ஒட்டியிருக்கும், மூட்டை இல்லை. நான் சாய்ந்தால் சாயும், நான் நிமிர்ந்தால் நிமிரும், நிழல் இல்லை. நிழலுக்குப் பசிக்காது, இதற்குப் பசிக்கும். நான் போகிற இடமெல்லாம் கூடவே வரும், அடுத்த வாரம் வருமா என்று மட்டும் எனக்குத் தெரியாது. அது என்ன, சொல் பார்ப்போம். மியாவட்லானில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது ஆதிரையிடம் போட்ட விடுகதை இது. அடுத்த வாரம் என்கிற கடைசி வரியை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. வாய்வரை வந்தது, அவளுடைய ஹெல்மெட் வாரைப் பூட்டுகிற சாக்கில் விழுங்கிவிட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தெரியுங்கப்பா, ஊருக்குப் போய்ச் சொல்றேன் என்றாள். அதுதான் எங்கள் விதி. வண்டியில் ஏறும்போது போடுகிற விடுகதைக்கு, போய்ச் சேர்ந்த பிறகுதான் விடை. அவள் அம்மா நாயேலி வைத்த விதி. ஓடுகிற வண்டியில் கத்தினால் பாதி வார்த்தையைக் காற்று கொண்டுபோய்விடும், மீதிப் பாதிக்கு நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவீர்கள் என்பாள். என் இன்னொரு கேள்விக்கும் ஆதிரை அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். என்னோடு பல்லடத்துக்கு வருகிறாயா, மசூந்தேயில் பெரியம்மா வீட்டில் இருந்துகொள்கிறாயா என்று புவெப்லா வீட்டின் சமையல் மேடை முன்னால் நின்று கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன், முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. மசூந்தேவுக்கு வண்டியிலயே போலாங்கப்பா, அம்மா கூட்டிட்டுப் போற பழைய ரோட்டுல, அங்க போய்ச் சொல்றேன் என்றாள். ஒன்பது வயது. மெக்சிகோவில் பிறந்து மெக்சிகோவில் வளர்ந்தவள், என்னிடம் பேசும்போது மட்டும் பல்லடத்துக்காரி. ஒரு ‘ங்க’ குறையாது.

இப்போது மலை ஏறிக்கொண்டிருக்கிறோம். கடற்கரைக்குப் போகும் வேன்களெல்லாம் புதுச் சாலைக்கு மாறிவிட்டன, இந்தப் பக்கம் விறகு ஏற்றிய வண்டியும் நாய்களும்தான். வளைவுக்கு மேல் வளைவு. மூன்றாவது கியரில் போய் இரண்டாவதுக்கு இறங்கி, மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. ஒவ்வொரு வளைவிலும் அவள் என்னோடு சாய்கிறாள். ஹெல்மெட் என் முதுகுத்தண்டில் லேசாக முட்டுகிறது. வயிற்றின் மேல் முடிச்சு இருக்கிறது, நாயேலியின் சால்வை, கருப்பில் வெள்ளைப் புள்ளி ஓடும் நீளமான சால்வை, அதை ஆதிரையின் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து என் வயிற்றில் முடிந்திருக்கிறேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பிள்ளை தூங்கி விழுந்துவிடக் கூடாதென்று துண்டாலோ துப்பட்டாவாலோ அப்பன் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். என்னையும் கட்டியிருக்கிறார்கள். அவிநாசித் தேருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அப்பாவின் டிவிஎஸ் ஃபிப்டியில், அப்பாவின் வேர்வையும் மில் பஞ்சும் சேர்ந்த வாசனையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கட்டியிருக்கிறது, விழமாட்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த அப்பாதான் இப்போது படுக்கையில். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறி. அக்கா போனை அவர் காதில் வைப்பாள். அவர் ஏதோ சொல்வார். என்ன சொல்கிறார் என்று அக்காவிடம் கேட்டால், சிகாமணி எப்ப வர்றான்னு கேக்கறாருடா, வேற என்ன கேப்பாரு என்பாள். அக்கா சொல்வதுதானா, அவர் வேறு எதையாவது கேட்கிறாரா, யாருக்குத் தெரியும். அவருக்கு நான் ஒரே மகன். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆதிரை? ஆதிரையும் வருகிறாளா என்று அக்கா கேட்டபோது, அவளைக் கேட்க வேண்டும் என்றேன். அக்கா சிரித்தாள். சின்னப் புள்ளைய யாராவது கேப்பாங்களாடா, தூக்கிட்டு வா.

கேட்க வேண்டும் என்றது நாயேலி. மாசி மாதம், ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், முகம் உப்பி, கண்கள் மட்டும் பழைய கண்களாக இருந்தபோது. என் பின்னல் மெஷின் துணிகளை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை கண்டுபிடிக்கிற கண்கள் அவை. புவெப்லா மில்லில் நான் மெஷினைப் பொருத்தி ஓடவிட்டால், அதிலிருந்து வரும் துணியை அவள் பார்த்துக் கழித்துவிடுவாள். உன் மெஷின் எட்டாவது ஊசியில் பொய் சொல்கிறது என்று முதன்முதலில் என்னிடம் சொன்னாள். அப்படித்தான் பழக்கம். அவளுக்காக நீ முடிவு செய்யாதே, மசூந்தேயில் இருக்கிற என் அக்காவையும் செய்ய விடாதே, அவளைக் கேள் என்றாள் ஆஸ்பத்திரியில். நான் தலையாட்டினேன். தலையாட்டும்போது எனக்கு ஊருக்குப் போகிற எண்ணமே இல்லை, அப்பா நடந்துகொண்டிருந்தார், கேட்கவேண்டிய கேள்வியே வராது என்று நினைத்துத்தான் தலையாட்டினேன். சுலபமாக இருந்தது. இடது தோளில் ஒரு தட்டு. ஆதிரை தட்டுகிறாள். இடது பக்கம் வளைவு கடுமை என்று அர்த்தம், மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பாள். எங்கள் ஹெல்மெட்டில் பேசுகிற கருவி எதுவும் கிடையாது. பின்னால் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு நாயேலி தட்டுவாள். வலது தோளில் தட்டினால் வலது, இடது தோளில் தட்டினால் இடது, இரண்டு உள்ளங்கையும் பதிந்தால் நிறுத்து, ஹெல்மெட் உச்சியில் தட்டினால் முன்னால் வேகத்தடை. இந்த நாட்டில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை, கோழி குறுக்கே போகிற இடத்தில்கூட ஒன்று கட்டி வைத்திருப்பார்கள், வெள்ளைக் கோடு போட மாட்டார்கள். சகாத்தேகாஸின் கள்ளிக்காட்டிலும் துராங்கோ மலையிலும் சியாப்பாஸ் மழையிலும் அவள் தட்டிய தட்டில்தான் போனேன். எனக்கு ஒரு ஊரின் வழியும் தெரியாது. தோளுக்குத் தெரியும்.

பைன் மரங்கள் வந்துவிட்டன. குளிர். மரங்களுக்கு நடுவில் மூடுபனி சாலையைக் கடந்து போகிறது. முதுகில் எடை கூடியிருக்கிறது. தூங்கிவிட்டாளா. தூங்கினால் இப்படித்தான், முழு எடையும் வந்து சாயும். சாய்கிறாள். என்னோடு வருகிறாள் என்றுதானே அர்த்தம், விட்டுப்போக நினைக்கிற பிள்ளை இப்படியா ஒட்டிக்கொள்ளும். காலையிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன், பார்க்க முடியாது, முதுகால் எண்ணிக்கொண்டு வருகிறேன். வஹாக்கா தாண்டியதும் விலகி உட்கார்ந்திருந்தாள், அப்போது, போச்சு, இருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மியாவட்லானுக்கு முன்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபோது இறுக்கிப் பிடித்தாள், அப்போது, இல்லை, வருகிறாள். இப்போது இவ்வளவு எடை. ஆனால் வளைவில் சாய்வது நாயேலி சொல்லிக்கொடுத்தது. பின்னால் இருப்பவர் மக்காச்சோள மூட்டை மாதிரி இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் சாய வேண்டும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இரண்டு பேரும் பள்ளத்தில் என்று. ஆதிரை நல்ல மாணவி. யார் ஓட்டினாலும் சாய்வாள். ஆக, சாய்வதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையா. தூங்குவதில்? தூங்குகிறவளுக்கு முடிவு எதுவும் இருக்காது. முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறேன். இந்த முடிச்சுக்கும் நாயேலி சண்டை போட்டிருக்கிறாள். நீ விழுந்தால் நீ விழு, அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஏன் விழுகிறாய், தனியாக விழுந்தால் புல்லிலாவது விழுவாள் என்பாள். நான் எங்கள் ஊர் வழக்கம் என்பேன். உங்கள் ஊரில் எல்லாரும் சேர்ந்துதான் விழுவீர்களா என்பாள். அவளைக் கல்லறையில் வைத்த பிறகு, அவள் பீரோவைத் திறந்தபோது இந்தச் சால்வைதான் மேலே இருந்தது. அன்றிலிருந்து துண்டுக்குப் பதில் இது. அவளுடைய சால்வையாலேயே அவளுக்குப் பிடிக்காததைச் செய்துகொண்டிருக்கிறேன். முடிச்சைச் சரியாகத்தான் போட்டேனா, இழுத்தால் அவிழுமா, அவிழக் கூடாதா.

இரண்டு உள்ளங்கை. நிறுத்து. சான் ஹோசே, மேகத்துக்குள் இருக்கிற ஊர், தகரக் கூரை போட்ட காபிக் கடை. நாயேலி எப்போதும் நிறுத்துகிற கடை. ஆக, தூங்கவில்லை. அல்லது சரியாக இங்கே விழித்துக்கொண்டாள். கடைக்கார அம்மாவுக்கு எங்களைத் தெரியும், நாயேலி எங்கே என்று கேட்கவில்லை, யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்குப் பட்டை போட்ட மண்பானைக் காபியும் ஆதிரைக்கு நுரைத்த சாக்லேட்டும் கொண்டுவந்தாள். நான் முடிச்சை அவிழ்த்துச் சால்வையை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஆதிரையைக் கேலி செய்தாள். இவ்வளவு பெரியவளாகிவிட்டாய், கால் தரையைத் தொடுகிறது, இன்னும் கைக்குழந்தை மாதிரி கட்டிக்கொண்டா வருகிறாய். ஆதிரை சாக்லேட்டை ஊதினாள். நுரை அவள் மூக்கில் ஒட்டியது. பிறகு ஸ்பானிஷில், சத்தம் கூட்டாமல் குறைக்காமல், “எனக்கு இல்லை. அது அப்பாவுக்கு. அவருக்குத்தான் பயம்” என்றாள். கடைக்கார அம்மா என்னைப் பார்த்தாள், உடனே அடுப்பைப் பார்த்தாள். நீ தூங்கிவிடுவாயே என்று தமிழில் கேட்டேன். “நான் வண்டியில தூங்கினதே இல்லீங்கப்பா. நீங்க கட்டினா சாஞ்சுக்குவேன்” என்றாள். ஒரு குறையாகச் சொல்லவில்லை. வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு என் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

இறங்குகிறோம். சால்வை அவள் கழுத்தில் இருக்கிறது. நான் கட்டவில்லை. நீட்டினேன், வேணாங்க என்றாள், அவளே சுற்றிக்கொண்டாள். வயிறு காலியாக இருக்கிறது, காபி குடித்த வயிறு, இருந்தாலும் காலி. முதுகில் குளிர் அடிக்கிறது. கை இரண்டும் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான், ஓரத்தை மட்டும். கண்ணாடியில் பார்க்கிறேன், ஹெல்மெட்டின் நீலம் தெரிகிறது. அடுத்த வளைவில் மறுபடி பார்க்கிறேன். பிரேக்கைத் தொடாமல் இரண்டாவது கியரிலேயே இறங்கு, சூடேறினால் பிரேக் பிடிக்காது, மெதுவாக, மெதுவாக. எத்தனை தடவை சாய்ந்திருப்பாள். போன பங்குனியில், மசூந்தேயில் நாயேலியின் கல்லறையில் கல் நட்டுவிட்டுத் திரும்பியபோது, வஹாக்கா வரைக்கும் என் முதுகில் கிடந்தாளே, பாவம் அழுது களைத்துத் தூங்குகிறாள் என்று ஓரிடத்திலும் நிறுத்தாமல் ஓட்டினேன், பசித்திருக்கும், சொல்லவில்லை. அப்பாவுக்கு ஒருத்தர் சாய்ந்திருக்க வேண்டும் என்று யார் அவளுக்குச் சொன்னது. அவிநாசியிலிருந்து வரும்போது நான் தூங்கினேனா. தூங்கினேன் என்றுதான் நினைக்கிறேன். கன்னத்தில் அப்பாவின் சட்டைத் தையல் பதிந்தது ஞாபகம் இருக்கிறதே, தூங்கினவனுக்கு அது எப்படி ஞாபகம் இருக்கும். அப்பா கட்டியது எனக்காகவா. ஹெல்மெட் உச்சியில் தட்டு. வேகத்தடை. கோடு இல்லாத வேகத்தடை, நான் பார்க்கவே இல்லை, முன்சக்கரம் ஏறி இறங்கியது. அவள் இருக்கிறாள். நீலம் தெரிகிறது.

கீழே ராணுவச் சோதனைச் சாவடி. மீசை அரும்பாத சிப்பாய் ஒருவன் கை காட்டினான். என் அடையாள அட்டையைப் பார்த்தான், என் பெயரைப் படிக்க முயன்று விட்டுவிட்டான், குனிந்து ஆதிரையிடம் இவர் உனக்கு யார் என்று கேட்டான். கேட்பது அவன் வேலை. என் அப்பா என்றாள். எங்கே போகிறீர்கள் என்றான். பெரியம்மா வீட்டுக்கு என்னைக் கொண்டுபோகிறார் என்றாள். சரி போங்கள் என்று கயிற்றை இறக்கினான். என்னைக் கொண்டுபோகிறார். போகிறோம் என்று சொல்லவில்லை. கேள்வி போகிறீர்கள் என்று இருந்தது, பதில் போகிறோம் என்றுதான் வந்திருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும், பள்ளிக்கூடத்தில் நல்ல மதிப்பெண். ஒருவேளை சிப்பாய்க்கு விளங்கட்டும் என்று. ஒருவேளை ஒன்றுமே இல்லை. காபித் தோட்டங்கள் போய் வாழை வந்தது, வாழை வந்ததும் வெயில் வந்தது, சட்டைக்குள் வேர்வை. இந்த வாழையைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் மாதிரி இல்லையா என்று நான் சொல்வேன், நாயேலி, இல்லை, இது எங்கள் ஊர் மாதிரி என்பாள். பல்லடத்தில் என்ன இருக்கிறது என்று போன வாரம் ஆதிரை கேட்டாள். தாத்தா இருக்கிறார், அத்தை இருக்கிறாள், அத்தை பையன்கள் இருக்கிறார்கள், உனக்கு ஒரு அறை, மாடியில் என்றேன். செண்டுமல்லி இருக்குங்களா என்றாள். இருக்கிறது, சத்தியமங்கலம் பக்கம் போனால் காடு காடாக இருக்கிறது என்றேன், சந்தோஷமாகச் சொன்னேன், வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு. அந்தப் பூவைப் பிய்த்துக் கல்லறையிலிருந்து வீட்டு வாசல்வரை பாதை போடுவார்கள் இங்கே, வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பர் ஆரம்பத்தில், செத்தவர்கள் அந்த மஞ்சளைப் பார்த்து வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பார்களாம். நாயேலியோடு சேர்ந்து ஆதிரை தன் அம்மாவழித் தாத்தாவுக்குப் போட்டிருக்கிறாள். “பல்லடத்துக்கு அம்மாவுக்கு வழி தெரியுங்களா?” என்றாள். அம்மாவுக்கு எல்லா வழியும் தெரியும் கண்ணு என்றேன். அவள் தலையை அசைத்தாள். இல்லீங்கப்பா, மேப் வச்சிருந்தா தெரியும், மேப்ல பல்லடம் இல்லை என்றாள். நான் சிரித்தேன். அப்போது சிரிக்காமல் இருந்திருந்தால். வேறு என்ன சொல்லியிருக்க முடியும். கடலுக்கு மேலே எதைப் பிய்த்துப் போடுவது.

உப்புக் காற்று. தென்னை. வலது தோளில் தட்டு, மசூந்தே பிரிகிற இடம். இந்தத் திருப்பம் எனக்கே தெரியும், தட்டாமலே திரும்பியிருப்பேன், ஆனாலும் தட்டும்வரை காத்திருந்தேன். தட்டினாள். கை அப்படியே கொஞ்ச நேரம் தோளில் இருந்தது. இருந்ததா, காற்றில் சட்டை அழுத்தியதா. கேட்கலாம், ஆனால் விதி இருக்கிறது. மெதுவாக ஓட்டுகிறேன், இருபதுக்குக் கீழே, பின்னால் வந்த டாக்சிக்காரன் ஏதோ சொல்லிவிட்டு முந்திப் போகிறான். திட்டினால் திட்டட்டும். இந்தச் சாலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம், ஒரு பாலம் உடைந்து சுற்றிப் போகச் சொல்லியிருக்கலாம். வரமாட்டேன் என்றால் என்ன சொல்வது, சரி கண்ணு என்று சொல்ல வேண்டும், முகம் மாறக் கூடாது. முகம் மாறினால் அவள் பார்ப்பாள், பார்த்தால் சாய்ந்துவிடுவாள், என் பக்கம் சாய்ந்து, வர்றேங்கப்பா என்று சொல்லிவிடுவாள், எனக்காக. அது கூடாது. அது கூடாது என்று நினைக்கும்போதே, ஒரு நிமிஷம் மட்டும், முகம் மாறினால் என்ன என்றும் நினைக்கிறேன். எந்த முகத்தோடு இறங்குவது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்துவிடலாம். கழற்றாமலே பதிலைக் கேட்டுவிடலாம்.

எல்பிதியா வாசலில் நின்றிருந்தாள், நாயேலியின் அக்கா, நாயேலியைவிட உயரம், அதே நெற்றி. சத்தம் கேட்டு வந்திருப்பாள். வா என்று மட்டும் சொன்னாள். எங்களுக்குள் இதைப் பற்றிப் பேச்சு முடிந்துவிட்டது, அவள் கேட்கமாட்டாள், நானும் தூண்டமாட்டேன், தங்கைக்குக் கொடுத்த வாக்கு அவளுக்கும் உண்டு. எஞ்சினை அணைத்தேன். சூட்டில் அது டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆதிரை தானாக இறங்கினாள். தானாக ஹெல்மெட் வாரைக் கழற்றினாள், கழுத்தில் வார் பதிந்த கோடு இருந்தது, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நான் என் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதன் முன்கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் என் கண்ணாடியைப் பார்த்தாள், அதில் அவளுக்குத் தெரிந்தது அவள் முகமாகத்தான் இருக்கும்.

விடுகதைக்கு விடை நான்தானுங்களே என்றாள். ஆமாம் கண்ணு என்றேன். பிறகு, பெரியம்மா வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றாள். நான் சரி என்றேன். சால்வையை அவள் வைத்துக்கொண்டாள். ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தாள்.